நான் கொடுத்த கசாயப் பொட்டலம்

2004-ஆம் ஆண்டு மாசி மாதம். கனடாவில், மொன்றியல் நகரின் வில்லரே பகுதியில் ஒரு வீட்டின் இரண்டாம் மாடியில் குடியிருந்தோம். இங்குள்ள பழைய வீடுகளுக்கு மாடிப்படி வெளியில்தான், அதுவும் இரும்புப்படி. பனி உறைந்து கிடக்கும்போது காரணமில்லாமல் யாரும் அதில் ஏறி வரமாட்டார்கள். அன்று காலை ஒரு தாயும் மகளும் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி ஏறி வந்தார்கள்.

அவர்கள் வந்த காரணத்தைச் சொல்வதற்கு முன் என் கதையைச் சொல்ல வேண்டும். அதற்கு முந்திய ஆண்டு எனக்கு மார்பகப் புற்றுநோய். ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். பிறகு கீமோ, முடி முழுவதும் கொட்டியது. இது என் கணவருக்கும் மகளுக்கும் மட்டுமே தெரியும். மகளுக்கு டொரொண்டோவில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும் என்று மாப்பிள்ளை வீட்டார் காதில் யாராவது போட்டால் அதோடு சரி. எங்கள் ஆட்கள் அந்த நோயின் பெயரைக்கூட வாயால் சொல்லமாட்டார்கள்.

முடி கொட்டியதற்குப் பொய் கைவசம் இருந்தது. இலங்கையில் போர் நின்ற சமாதான காலம் என்பதால் நானும் ஊருக்குப் போய்வந்திருந்தேன். அங்கே நெருப்புக்காய்ச்சல், அதாவது டைபாய்ட், பிடித்து முடி கொட்டிவிட்டது என்று சொன்னேன். ஆனால் எங்கள் மாதா கோவிலுக்கு வரும் ஒரு பெண் என்னை ஆஸ்பத்திரியில் புற்றுநோய்ப் பிரிவின் வாசலிலேயே கண்டுவிட்டார். அதற்கு இன்னொரு பொய் வேண்டியிருந்தது. சின்னக் கட்டி ஒன்று வந்தது, ஊரிலிருந்து கொண்டுவந்த கசாயத்தைக் குடித்தேன், கரைந்துவிட்டது என்றேன். கசாயம் குடித்தது உண்மை. கீமோவுக்குப் பிறகு வாய்க்கசப்புப் போகட்டும் என்று குடித்தேன். கசாயத்துக்குக் கரைந்த கட்டியைப் பெரிய நோய் என்று யாரும் நினைக்கமாட்டார்கள் என்று நான் போட்ட கணக்கு அது.

கதைக்குக் கண், காது, மூக்கு எல்லாம் முளைத்தது. என்ன கட்டி என்று யாரும் கேட்கவில்லை. கரைந்தது என்பதுதான் பரவியது. பூசை முடிந்ததும் முழங்கால் வலிக்காரர் முதல் நீரிழிவுக்காரர் வரை என்னிடம் வந்து கசாயம் பற்றி விசாரித்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது எனக்குப் பிடித்திருந்தது.

அன்று காலை தாயோடு படியேறி வந்த மகளுக்கு இருபத்துமூன்று வயது. குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலை செய்தாள். கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு, மடியில் ஒரு பையை வைத்தபடி என் முன்னால் இருந்தாள்.

"கழுத்தில கட்டி அக்கா," என்றார் தாய். "இப்ப மருந்து ஏத்தினா மாறும் எண்டு டொக்டர் சொல்லுறார். முதல் தரம் ஏத்தி ஒரு கிழமையாச் சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுத்தாள். இண்டைக்கு இரண்டாவது. போகமாட்டன் எண்டு நிக்கிறாள். உங்கட சொல்லைக் கேப்பாள் எண்டுதான் வந்தனாங்கள்."

பையின் வாய் திறந்திருந்தது. தடித்த கம்பளிக் காலுறையும் சின்னப் போர்வையும் தெரிந்தன. கீமோ ஏறும்போது எனக்குக் கால் விறைக்கும். போன ஆண்டு நானும் அதே சாமான்களைத்தான் எடுத்துக்கொண்டு போனேன். அவர்கள் என் வீட்டிலிருந்து நேரே எங்கே போகவேண்டும் என்று எனக்குத் தெளிவாகத் தெரியும்.

அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள். "அன்ரி, உங்களுக்குக் கீமோ ஒண்டும் இல்லாமலா கரைஞ்சது?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பயம் என்றால், எனக்கு வந்தது வெறும் கொழுப்புக்கட்டி, உன்னுடையது வேறு என்று இன்னொரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். என் இரகசியமும் இருந்திருக்கும், அவளும் மருந்துக்குப் போயிருப்பாள். ஆனால் அவள் கண்ணில் அவ்வளவு நம்பிக்கை. கெட்டிக்காரி என்ற பெயரை விட எனக்கு மனம் வரவில்லை.

"ஓம் பிள்ளை," என்றேன். அதோடும் நிற்கவில்லை. அலுமாரியில் மிச்சமிருந்த கசாயப் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

அவர்கள் இறங்கிப் போவதை யன்னலால் பார்த்தேன். தாய் ஆஸ்பத்திரிக்குப் போகும் மெட்ரோப் பக்கம் திரும்பினார். மகள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் நின்று கதைத்தார்கள். பிறகு வீட்டுப் பக்கம் நடந்தார்கள். நான் யன்னல் திரையை இழுத்துவிட்டுச் சமைக்கப் போனேன்.

அடுத்து அவளை நான் கண்டது பெரிய வெள்ளியன்று. கோவிலில் சிலுவையை முத்தமிட வரிசையில் நிற்கும்போது எனக்கு முன்னால் நின்றாள். சட்டை தோளில் தொங்கியது. சால்வைக்கு மேலாலும் வீக்கம் தெரிந்தது. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "உங்களுக்குக் கரைய எத்தினை நாள் செண்டது, அன்ரி?" என்று மெல்லக் கேட்டாள். முத்தி செய்யாமலே வரிசையை விட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் தாய் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் கசாயம் கொதிக்கும் மணம். அடுப்பை நிறுத்தினேன். சட்டைப் பொத்தானைக் கழற்றித் தழும்பைக் காட்டினேன். பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் தழும்பைப் பார்த்தபடியே கேட்டாள்.

"உங்கட மகளுக்கு எப்ப கலியாணம்?"

"ஆவணியில."

"சரி அன்ரி. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

பிறகு தானே தொலைபேசியை எடுத்து ஆஸ்பத்திரியை அழைத்துப் பிரெஞ்சில் கதைத்தாள். கதைக்கும்போது மற்றக் கையால் என் சட்டைப் பொத்தானைப் பூட்டிவிட்டாள்.

அந்த வாரமே சிகிச்சையைத் திரும்பத் தொடங்கினார்கள். அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு தடவையும் நான் கூடப் போனேன். அடுத்த ஆண்டு பனி கரைவதற்கு முன் அவள் போய்விட்டாள். அந்த இரண்டு மாதத்தை வீணாக்காமல் விட்டிருந்தால் பிழைத்திருப்பாளா என்று நான் எந்த டொக்டரிடமும் கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லை.

அடக்கத்தன்று அந்தத் தாய் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, வந்தவர்களிடம் எல்லாம் சொன்னார். "இந்த அக்காதான் என்ர பிள்ளைக்குப் புத்தி சொல்லித் திரும்ப ஆஸ்பத்திரிக்கு அனுப்பினவ." மகள் தாயிடம் அப்படித்தான் சொல்லியிருந்தாள். கசாயம் எல்லோருக்கும் ஒத்துவராது என்று நானே வந்து சொன்னேனாம்.

என் மகளின் கலியாணம் குறித்தபடி நடந்தது. சில ஆண்டுகள் கழித்து என் நோய் விஷயம் மருமகனுக்குத் தெரிந்தபோது, "இதை மறைக்கவே மாமி இவ்வளவு பாடுபட்டனீங்கள்?" என்று கேட்டுவிட்டுத் தேநீரைக் குடித்தார். நான் எழுந்து குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். பாவமன்னிப்புத் தந்த சுவாமியார், தாயிடமும் சொல்லிவிடுங்கள் என்றார். ஒவ்வொரு ஆண்டும் மகளின் நினைவுப் பூசைக்கு அந்தத் தாய் கோவிலில் முன்வரிசை வாங்கில் தனக்குப் பக்கத்தில் எனக்கு இடம் பிடித்து வைப்பார். ஒவ்வொரு ஆண்டும் சொல்லத்தான் போவேன். போய் இருந்துவிட்டு வந்துவிடுவேன்.

நான் வாசித்து முடித்த பத்திரிகைகளை அந்தத் தாய்தான் வாங்கிக்கொண்டு போவார். இது அச்சாகும் இந்த இதழையும் கேட்பார். இந்தப் பக்கம் முதலில் அவர் கண்ணில் படும்படி மடித்தே கொடுக்கப்போகிறேன். அந்த வாங்கில் எனக்கு இனி இடம் இருக்குமா என்பதை, அவருடைய மகளின் புண்ணியத்தில் ஒளித்திருந்த நான் அல்ல, அவரே தீர்மானிக்கட்டும்.