தள்ளாமல் வந்த கார்

என் காரை யாராவது டப்பா என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். நான் சொல்லலாம், என் வீட்டுக்காரர் சொல்லலாம், மற்றவர்கள் சொல்லக் கூடாது. என் தங்கையின் மாமியார் சொன்னார். தங்கைக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு வைக்க நாள் குறிப்பதற்காகச் சிதம்பரம் போயிருந்தோம். கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரிதான் சொன்னார்.

"அந்த டப்பாவுலயா என் மருமவளைக் கூட்டிக்கிட்டுப் போவப் போற? நடுரோட்டுல நின்னா புள்ளத்தாச்சி எறங்கித் தள்ளுவாளா?"

அதில் நியாயம் இருந்ததுதான் எனக்கு ஆத்திரம். கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு மணமக்களைக் கடலூருக்கு அழைத்து வந்தபோது ஓட்டியது நான். புதுச்சத்திரத்தில் பூ வாங்க நிறுத்தினேன். பூ வாங்கிவிட்டுச் சாவியைத் திருப்பினால் கார் முனகியது, கிளம்பவில்லை. மாப்பிள்ளை பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கித் தள்ளினார். பின்னால் வேனில் வந்த மாமியார் அதைக் கண்ணால் பார்த்தார். அந்தக் காட்சி அவர் மனதை விட்டுப் போகவே இல்லை. எனக்கும்தான்.

எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அம்மா போய் ஆறு வருஷமாகிறது. தங்கை என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள், கல்யாணம் நான் செய்து வைத்ததுதான். அம்மா இல்லாத வீட்டுக்குப் பிரசவத்துக்கு எதற்கு அனுப்ப வேண்டும், இங்கேயே பார்த்துக்கொள்ளலாமே என்று அவர்கள் உறவில் ஒரு பேச்சு இருந்தது. நான் இருக்கிறேன் என்று சொல்லி அதை ஒருவழியாக மாற்றியிருந்தேன். சம்பந்தியம்மாவும் அரை மனதாகச் சம்மதித்தார்.

"சரி, அனுப்புறேன். ஆனா வாடகைக் காருலதான்" என்றார்.

தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "நம்ம காருலதான் அத்தை கூட்டிட்டுப் போவேன்" என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வளைகாப்புக்கு நான்கு வாரம் இருந்தது.

கார் என்றால் வெள்ளை நிறச் சின்னக் கார், இருபத்தைந்து வயது. வெளிநாடு கிளம்பிய ஒரு லால்பேட்டைக்காரரிடம் வாங்கியது. காலையில் வீட்டு வாசலில் ஒரே திருப்பில் கிளம்பிவிடும். ஓடிச் சூடான பிறகு அணைத்தால்தான் வம்பு. மறுபடி சாவியைத் திருப்பினால் சோம்பேறி போல ஒரு சுற்று, அரைச் சுற்று, அவ்வளவுதான். மூன்று மெக்கானிக் பார்த்தார்கள். பேட்டரி மாற்றினோம், எஞ்சினைச் சுழற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிச் செம்புக் கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றினோம். ஒரு வாரம் நன்றாக இருக்கும், பிறகு பழைய குருடி கதவைத் திறடி. கடைசி மெக்கானிக், "இரும்புக் கடைக்குப் போட்டுருங்க டீச்சர், உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியை. அன்று வரை பானெட்டைத் திறந்தால் தண்ணீர் ஊற்றுவேன், துடைப்பேன், மூடுவேன். முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பழைய நைட்டியின் மேல் வீட்டுக்காரருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு, மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டரோடு போய் நின்றேன். அவரை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தேன். நான் சொல்லும்போது சாவியைத் திருப்ப வேண்டும், அதுதான் அவர் வேலை. அவர் செய்தித்தாளோடு வந்து உட்கார்ந்தார்.

அன்று முழுக்க பேட்டரியைப் பார்த்தேன், குறையில்லை. ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த ஒயரைப் பார்த்தேன், அதுவும் நன்றாகவே இருந்தது. "மெக்கானிக் பார்த்ததையே நீயும் பாத்துக்கிட்டிருக்க" என்றார் அவர், தாளிலிருந்து தலை நிமிராமல். நாளைக்கு நீங்களே தோசை சுட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

அடுத்த ஞாயிறுதான் அது நடந்தது. எஞ்சின் கிளம்பிவிடாமல் இருக்க ஒரு ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு, "திருப்புங்க, விடாதீங்க" என்றேன். ஐந்தாறு தடவை திருப்பியிருப்பார். உள்ளே எட்டிப் பார்க்கக் குனிந்தவள், பிடிமானத்துக்கு ஆக்சிலரேட்டர் கேபிள் மேல் கை வைத்தேன். சுரீர் என்றது. கையை உதறிக்கொண்டு எஞ்சினைத் தொட்டுப் பார்த்தேன். பச்சைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்து கிடந்தது. காலையிலிருந்து ஓடாத கார். அதில் இந்தக் கேபிள் மட்டும் ஏன் சுட வேண்டும்?

எனக்குப் புரிந்துவிட்டது. பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் மின்சாரம் வேலையை முடித்துவிட்டுத் திரும்பி வந்தாக வேண்டும். அது திரும்புவதற்கென்றே விரல் தடிமனில் ஒரு எர்த் ஒயர் எஞ்சினையும் காரின் உடம்பையும் சேர்த்திருக்கும். அந்த வழி அடைத்துக்கொண்டால் மின்சாரம் கிடைத்த சந்தில் நுழையும். இங்கே கிடைத்த சந்து ஆக்சிலரேட்டர் கேபிள். மெல்லிய கம்பியில் அத்தனை மின்சாரம் போனால் சுடாமல் என்ன செய்யும்? வருஷா வருஷம் சாக்பீஸ் தூள் பறக்க நான் நடத்துகிற பாடம். ஒன்றரை வருஷமாக வீட்டு வாசலிலேயே நின்றிருக்கிறது.

எர்த் ஒயரைத் தேடிப் போனேன். அது காரின் உடம்போடு சேரும் இடம் பளபளவென்று இருந்தது. துரு இல்லை, தூசி இல்லை, கறுப்புப் பெயின்ட் மின்னியது. மூன்று மெக்கானிக்கும் ஏன் அதைத் தாண்டிப் போனார்கள் என்று விளங்கியது. அத்தனை சுத்தமான இடத்தை யார் சந்தேகப்படுவார்கள்?

அந்தப் பெயின்டை அடித்தது நான்.

எங்கள் வீடு தேவனாம்பட்டினம் பக்கம். கடல் காற்றில் கதவுக் கீல்கூட ஒரு மழைக்காலம் தாங்காது. கல்யாணத்துக்கு முந்தைய ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவும்போது பானெட்டுக்குள் துரு பிடித்திருப்பதைப் பார்த்துப் பதறி, கறுப்புப் பெயின்ட் வாங்கி வந்து நானே அடித்தேன். அடிக்க வசதியாக அந்த போல்ட்டைக் கழற்றினேன், இரண்டு பூச்சு கனமாக அடித்தேன், காய்ந்ததும் பெயின்ட் மேலேயே ஒயரை வைத்து முடுக்கினேன். போதாததற்கு அதன் மேல் சந்தனம், குங்குமம் வேறு. பெயின்டுக்குள் மின்சாரம் போகாது. போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்ச நாள் போயிருக்கிறது, பிறகு அதையும் துரு தின்றுவிட்டது. மிச்சமிருந்த வழி குளிர்ந்த காருக்குப் போதும், சூடேறினால் போதாது.

அவர் இறங்கி வந்து பார்த்தார். "கெடுத்தது டீச்சரு. திட்டு வாங்குனது மெக்கானிக்கு" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பட்டு வேட்டியோடு மாப்பிள்ளை தள்ளியது என் பெயின்டால். ஆனால் அந்த வெட்கம் பத்து நிமிஷம்கூட நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூன்று பேர் கைவிட்டதைக் கண்டுபிடித்தது யார்? நான்தானே. கெடுத்தவளும் நானே என்பது வேறு கணக்கு.

போல்ட் லேசில் வரவில்லை. ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டியில் தோல் உரிந்தது. எண்ணெய் விட்டு ஒரு வாரம் ஊற வைத்தேன். பள்ளிக்கூடம் போகும்போது ஒரு சொட்டு, வந்ததும் ஒரு சொட்டு. மூன்றாவது ஞாயிறு, சுத்தியலால் நாலு தட்டுத் தட்டிவிட்டு ஸ்பேனரில் முழு உடம்பையும் சாய்த்தேன். கிறீச் என்று ஒரு சத்தம், போல்ட் அசைந்தது. உப்புத்தாளால் அந்த இடத்தைத் தேய்தேய் என்று தேய்த்து, பெயின்டும் துருவும் போய் வெள்ளை இரும்பு தெரிந்த பிறகுதான் விட்டேன். புது ஒயரை வைத்து, புது போல்ட்டை முடுக்கி, கடல் காற்றுக்குப் பயந்து மேலே மட்டும் வாஸ்லின் தடவினேன்.

"திருப்புங்க" என்றேன்.

விருட்டென்று கிளம்பியது. முனகல் இல்லை, யோசனை இல்லை. நாற்பத்திரண்டு வயசு ஆசிரியை, கரியும் எண்ணெயும் அப்பிய கையோடு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். வெட்கமாகவே இல்லை. நான் வாங்கிய எந்தப் பட்டமும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷத்தைத் தந்ததில்லை.

சூட்டில் கிளம்புகிறதா என்று பார்க்க வேண்டுமே. அன்றே புவனகிரி வரை போனோம். வழியில் டீக்கடை வரும்போதெல்லாம் நிறுத்தினேன், அணைத்தேன், மறுபடி கிளப்பினேன். நிறுத்திய மரியாதைக்கு அவர் ஒவ்வொரு கடையிலும் ஒரு டீ குடித்தார். ஏழாவது டீயில், "கார் தாங்கும்மா, என் வயிறு தாங்காது" என்றார்.

சிதம்பரத்தில் வளைகாப்பும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தங்கைக்கு இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல். சாப்பாடு முடிந்து வெளியே வந்தால், வாசலில் என் காருக்குப் பின்னால் வாடகைக் கார் ஒன்று நின்றது. மாமியார் ஏற்பாடு.

"நாலரைக்கு ராகுகாலம். வழியில நின்னீங்கன்னா நல்லா இருக்காது. அதுல ஏத்திக்க" என்றார்.

"சரி பண்ணிட்டேன் அத்தை."

"எந்த மெக்கானிக்கு?"

"நான்தான்."

"நீயா!" என்றவர், என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னாதான் ஆயிருந்துது?"

என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பது தெரிந்தது. அவர் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன். "ஆயுத பூஜைக்கு நான் அடிச்ச பெயின்டுதான் அத்தை. எர்த் ஒயரை அடைச்சிக்கிச்சு. உங்க புள்ள தள்ளுனது என்னாலதான்."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். மாமியார் சிரிக்கவில்லை. புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு என் காரின் முன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். "நாலு வீதியும் சுத்து. நின்னா நான் எறங்கித் தள்ளுறேன். என் மருமவ தள்ள வேணாம்" என்றார்.

மேல வீதியில் கிளம்பினோம். வடக்கு வீதி முனையில், "அணை" என்றார். அணைத்தேன். "போடு." கிளம்பியது. அடுத்த முனையிலும் அதேதான். கீழ வீதியில் கோயிலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார், அங்கேயும் ஒருமுறை அணைக்கச் சொன்னார். கடைசி முனையில் பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. "அணைக்கட்டுமா அத்தை?" என்று நானே கேட்டேன்.

"போதும், ஜாஸ்தி ஆட்டம் போடாத. வூட்டுக்கு ஓட்டு" என்றார். இறங்கியதும் நேராக வாடகைக் காரிடம் போய் அதைத் திருப்பி அனுப்பினார். தங்கையின் பெட்டியைத் தன் கையாலேயே என் காரில் வைத்தார்.

நாலரைக்கு நிறைய நேரம் இருக்கும்போதே கிளம்பிவிட்டோம். புதுச்சத்திரத்தில் தங்கை, "அக்கா, நிறுத்து. பூ வாங்கணும்" என்றாள். வேண்டுமென்றேதான் கேட்டாள், கழுதை. அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வாங்கி வந்து ஏறியதும், நான் சாவியைத் திருப்புவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கார் கிளம்பியது. வளையல் குலுங்க என் தோளைத் தட்டினாள்.

கடலூரில் ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்துப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் அவள் மாமியாருக்குப் போன் போட்டாள். நான் சமையலறையில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தேன்.

"எங்கயும் நிக்கல அத்தை" என்றாள். "அம்மா வூட்டுக்கு வந்துட்டேன்."