வார்டனுக்குப் போன தாள்

எங்கள் பல்கலைக்கழகத்துப் பெண்கள் விடுதியிலிருந்து ஊருக்கு வர வேண்டுமானால் அப்பாவின் கடிதம் வேண்டும். போனில் சொன்னால் செல்லாது. கையெழுத்தோடு ஃபேக்ஸில் வர வேண்டும். திருவண்ணாமலையிலிருந்து படிக்கப் போன எங்கள் எல்லோருடைய அப்பாக்களும் இதற்காகச் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குச் சற்று முன்னால் இருந்த ஒரே பூத்துக்குத்தான் போவார்கள். வெள்ளைக்காரர்கள் இமெயில் பார்க்க வரும் கடை அது. கடைக்கார அண்ணன் எங்கள் அப்பாக்களுக்காக மாதிரிக் கடிதம் ஒன்றை அட்டையில் எழுதி ஆணியில் மாட்டி வைத்திருந்தார். 'மதிப்பிற்குரிய வார்டன் அவர்களுக்கு, கிரிவலம் செல்ல வேண்டியிருப்பதால் என் மகளை இரண்டு நாட்கள் வீட்டுக்கு அனுப்பிவைக்குமாறு…' அதைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது வேலை. விடுதி எண் அவருக்கு மனப்பாடம். விரல் தானாக அழுத்தும்.

முதல் வருடம் மூன்றாவது முறை இந்தக் கடிதம் போனபோது வார்டன் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, உங்க ஊர்ல மாசாமாசம் திருவிழாவா?"

"ஆமாங்க மேடம். பௌர்ணமி மாசாமாசம் வருதுங்களே."

அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். அவர் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

நான் மூன்றாம் ஆண்டுக்குப் போயிருந்த ஜூலை மாதம் இது நடந்தது. எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளிக் கோயில் குருக்கள் ஒருவர் குடியிருந்தார். அவர் பெண் பன்னிரண்டாவதில் கணக்கில் நிறைய மார்க் வாங்கி, நான் படிக்கும் அதே பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படிப்புக்கு இடமும் வாங்கிவிட்டாள். இன்னும் இரண்டு வாரத்தில், ஒரு வியாழக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் இடம் போய்விடும். குருக்களுக்கு மனம் ஒப்பவில்லை. ஊரிலேயே, நடந்து போகிற தூரத்தில் ஒரு கலைக் கல்லூரி இருக்கும்போது மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய் அத்தனை பெரிய இடத்தில் ஏன் விட வேண்டும் என்று கேட்டார். முடிவு செய்ய வேண்டியவர் பம்பாயில் இருந்த அந்தப் பெண்ணின் தாய்மாமா. அவர் போனில் ஒரு யோசனை சொன்னார். அங்கே படிக்கிற உள்ளூர்ப் பிள்ளைகளிடம் கேட்டு, நல்லது கெட்டது எல்லாவற்றையும் எழுதி என் ஆபீசுக்கு ஃபேக்ஸ் அனுப்பச் சொல்லுங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

அந்த வேலை என்னிடம் வந்தது. எனக்கா, இப்படி ஒரு வேலை கிடைத்தால் சோறு தண்ணீர் வேண்டாம். போதாக்குறைக்கு நான் அந்தப் பல்கலைக்கழகத்தின் மேல் பைத்தியமாக இருந்த காலம். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே வளர்ந்து, பிறகு திருவண்ணாமலைக்குக் குடிவந்தவளுக்கு, பக்கத்து அறையில் ஒரிசாக்காரியும் எதிர் அறையில் காஷ்மீர்க்காரியும் இருப்பதே பெரிய விஷயம். ஐந்து மாடி நூலகத்தில் ஒவ்வொரு மாடியாக ஏறி, எந்தப் புத்தகத்தையும் எடுக்காமல் சும்மா நடந்துவிட்டு வருவேன்.

குருக்கள் வீட்டுப் பெண் என்னைத் தெருமுனை வரை வந்து வழியனுப்பினாள். வீட்டைவிட்டுத் தள்ளி வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நல்லதா மட்டும் எழுதுங்கோ. ப்ளீஸ். கெட்டது ஒண்ணு இருந்தாலும் அப்பா அதையே பிடிச்சுப்பார்."

"பார்க்கறேன்" என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பகலில், ஊருக்கு வரும் பஸ்ஸில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். எங்கள் வளாகத்துக்குள் ஆணும் பெண்ணும் நின்று பேசினால் காவலாளி வந்து அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அதனால் பஸ் மெயின் கேட்டைத் தாண்டும்வரை ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் முன்பின் பார்த்திராதவர்கள்போல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்போம். தாண்டியதும் பின் சீட்டுகளிலிருந்து சத்தம் கிளம்பும்.

முதலில் பேசியவன் அடி அண்ணாமலைப் பையன். மெக்கானிக்கல், என் வருடம். அவன் வீட்டில் கிரிவலப் பாதையில் சின்னக் கடை வைத்திருந்தார்கள்.

"எழுதிக்கோ. கரண்ட் போகாது. போனா ஜெனரேட்டர் போடுவாங்க. எங்க ஊட்ல நான் பத்தாவது படிச்சது பாதி மண்ணெண்ணெய் வெளக்குல."

"வேற?"

"வேற என்ன? சாம்பார் தண்ணி. பருப்பத் தேடணும்னா உள்ள எறங்கித்தான் தேடணும்."

"ஜெனரேட்டர் இருக்கே, லைட்டப் போட்டுத் தேடேன்டா" என்றாள் எனக்குப் பக்கத்தில் இருந்த பயோடெக் தோழி. எங்கள் விடுதியில் என் மாடிக்காரி. அவளுக்கு அந்த இடமே ஆகாது. என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இத எழுது. ஆறரைக்கு கேட்டப் பூட்றாங்க. எங்க ஊட்டு மாடே ஏழு மணிக்குத்தான் கொட்டாய்க்கு வரும். அப்புறம், போன செமஸ்டர்ல மூணு நாளு ஜுரத்துல கெடந்தேன், ஒரு நாய் வந்து எட்டிப் பார்க்கல. எழுதினியா? நாய்னே எழுது."

"எழுதிட்டேன்டி."

"உன் கருத்து என்னான்னு எழுதப் போற? கோயில் கட்டிக் கும்பிடலாம்னா?"

கடைசி வருடத்து அண்ணன் ஒருவர் முன் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கேட்டதற்குக் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "மொத வருஷம் சொர்க்கம்னு சொன்னேன். ரெண்டாவது வருஷம் ஜெயில்னு சொன்னேன். இப்ப கம்பெனி வர்ற நாளைத்தான் எண்ணிக்கினு இருக்கேன். எதனா ஒண்ணு எழுதிக்கோம்மா." சற்றுக் கழித்து ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "லைப்ரரி பெருசுன்னு எழுதாத. யாரும் போறதில்ல."

எனக்குச் சுருக்கென்றது. அதையும் எழுதினேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒரே தாளில் அழகாகப் பிரதி எடுத்து, மேலே 'எங்கள் தெருப் பெண்ணை இங்கே அனுப்பலாமா?' என்று தலைப்பும் அடியில் என் பெயரும் எழுதினேன். ஒவ்வொரு கருத்துக்கும் எதிரே 'பயோடெக், மூன்றாம் ஆண்டு, பெண்' என்பதுபோல் மட்டும் குறித்தேன். சொன்னவர்கள் பெயரைப் போடவில்லை, யாருக்கும் ஒரு தொந்தரவும் வராது என்று எனக்குள் பெருமை வேறு. அந்தப் பெண் கேட்டுக்கொண்டது நினைவில் இருந்தது. நாயையும் சாம்பாரையும் எடுத்துவிட்டு எழுதிப் பார்த்தேன். கல்லூரி விளம்பரம்போல இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் எழுதினேன்.

சனிக்கிழமை காலை பூத்துக்குப் போனேன். அண்ணனிடம் தாளையும், பம்பாய் எண் எழுதிய துண்டுச் சீட்டையும் கொடுத்தேன். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி இன்டர்நெட் வேகம் கம்மி என்று சைகையால் புகார் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் "நோ ப்ராப்ளம், ஒன் மினிட்" என்று அவரிடம் சொல்லியபடியே துண்டுச் சீட்டை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். தாளை மெஷினில் விட்டார். எண்ணை அழுத்தினார். தாள் போனது. சீட்டு அச்சாகி வந்தது. அதை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். இரண்டு வருடமாக அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்து போடும் சீட்டுகளில் ஒரே எண்தான் இருக்கும். அதனால் அதைப் படித்துப் பார்க்கும் பழக்கமே எனக்கு விட்டுப்போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை குருக்கள் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, பம்பாய்லேர்ந்து போன் வந்தது. சனிக்கிழமை சாயந்திரம் வரைக்கும் ஆபீஸ்ல காத்துண்டிருந்தாராம். ஒண்ணும் வரலையாமே?"

"அனுப்பிட்டேனே சாமி. சீட்டுகூட இருக்கு, பாருங்க" என்று பையிலிருந்து எடுத்து நீட்டினேன். நீட்டும்போதுதான் முதல்முறையாக அதைப் படித்தேன்.

எங்கள் விடுதி எண்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு எப்படிச் செங்கம் ரோட்டுக்குப் போனேன் என்று தெரியாது. அந்தப் பெண்ணும் பின்னால் ஏறிக்கொண்டாள். கடைக்கார அண்ணன் சாவகாசமாக இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணா! எந்த நம்பருக்குண்ணா அனுப்பினீங்க?"

"உங்க ஹாஸ்டலுக்குத்தான். எப்பவும் அனுப்பறதுதானே. ரிப்ளைகூட வந்துச்சே, உனக்குத்தான் எடுத்து வெச்சிருக்கேன்." சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் தூக்கினார். அடியில் பம்பாய்ச் சீட்டு அப்படியே கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு, கையில் இருந்த இட்லியை இலையில் வைத்தார். "அடக் கடவுளே."

அவர் கொடுத்த தாளைப் பார்த்தேன். என் கையெழுத்துதான். நான் அனுப்பிய அதே தாள். ஆனால் ஓரமெல்லாம் இன்னொரு கையெழுத்து, மூன்றாம் மாடி அறிவிப்புப் பலகையில் நாங்கள் தினமும் பார்க்கும் வார்டனின் அதே குண்டு எழுத்து.

சாம்பாருக்கு எதிரே: 'உண்மை. நானும் அதையேதான் சாப்பிடுகிறேன்.'

ஆறரை மணிக்கு எதிரே: 'உண்மை. பூட்டுவது நான். நேரத்தை மாற்றும் அதிகாரம் எனக்கு இல்லை. இரண்டு முறை எழுதிக் கேட்டிருக்கிறேன்.'

நூலகத்துக்கு யாரும் போவதில்லை என்பதற்கு எதிரே: 'பாதி உண்மை. இதை எழுதிய பெண் போகிறாள். புத்தகம் எடுப்பதில்லை.'

என் காது சூடானது. அடுத்தது ஜுரம்.

'நாய் வரவில்லை. நான் வந்தேன், இரண்டு முறை. தூங்கிக்கொண்டிருந்தாள். கஞ்சியை யார் வைத்தது என்று அவள் கேட்கவே இல்லை.'

கடைசியில், தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதியிருந்தது: 'இந்தப் பெண்ணை அனுப்பலாமா என்று என்னைக் கேட்கவில்லை. அனுப்பினால் முதல் மாதம் தினமும் போனில் அழுவாள். பிறகு போனே வராது. அப்போது பெற்றோர் அழாமல் இருக்க வேண்டும்.'

நான் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். திங்கட்கிழமை இந்த அம்மாள் முகத்தில் எப்படி விழிப்பது என்பதைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை. அந்தப் பெண் என் கையிலிருந்து தாளை வாங்கி, நின்றபடியே மேலிருந்து கீழ்வரை படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"தனியா ஒண்ணு எழுதித் தரேன். பழைய மாதிரி, ஓரத்துல ஒண்ணும் இல்லாம" என்றேன்.

"வேண்டாம் அக்கா. இதையே அனுப்புங்கோ."

"ஏய், உங்கப்பா பார்த்தார்னா அவ்வளவுதான்."

"பார்க்கட்டும்."

கடைக்கார அண்ணன் இந்த முறை பம்பாய் எண்ணை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் என்னைத் தலையாட்டச் சொல்லி அழுத்தினார். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் மூடியிருக்கும். திங்கட்கிழமை காலைதான் மாமா பார்ப்பார். நான் அன்றைக்கு வகுப்புக்குப் போகாமல் ஊரிலேயே தங்கிவிட்டேன். எனக்கு வயிற்றுவலி என்று அப்பாவிடம் சொன்னேன்.

பதினோரு மணிக்கு, நானும் அங்கே போய் உட்கார்ந்திருந்தபோது, குருக்கள் வீட்டில் போன் அடித்தது. குருக்கள் எடுத்தார். ரொம்ப நேரம் 'ம்' மட்டும் சொன்னார். பிறகு, "அவகிட்டயா? அவ என்னத்தைச் சொல்லப்போறா?" என்றார். ரிசீவரைப் பெண்ணிடம் நீட்டினார். எனக்குத் தெரிந்து அந்த வீட்டில் இந்த விஷயத்தைப் பற்றி அவளிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

மாமாவின் குரல் எங்களுக்கும் கேட்கிற அளவுக்குச் சத்தமாக இருந்தது.

"இதெல்லாம் நீ படிச்சியா?"

"படிச்சேன் மாமா."

"படிச்சப்புறமும் போகணும்ங்கறியா?"

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. போன் வயரை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள். "முன்னாடி எல்லாரும் நன்னா இருக்கும் நன்னா இருக்கும்னு சொன்னா. அப்பதான் பயமா இருந்தது. இப்ப என்னென்ன நன்னா இருக்காதுன்னு தெரியும். ஜுரம் வந்தா கஞ்சி வைக்க ஒருத்தர் இருக்கார்னும் தெரியும். நான் போறேன் மாமா."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, அவள் ரிசீவரை அப்பாவிடம் திருப்பிக் கொடுத்தாள். குருக்கள் இன்னும் இரண்டு 'ம்' சொல்லிவிட்டு வைத்தார். சமையலறையிலிருந்து அவள் அம்மா கையைத் துடைத்தபடி வந்து நின்றாள். குருக்கள் சுவரில் இருந்த பஞ்சாங்க காலண்டருக்குப் பக்கத்தில் போய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கிட்டப் போய்ப் பார்த்தார்.

"வியாழக்கிழமை ஒன்றரைக்கு ராகுகாலம் வந்துடறது" என்றார். "அதுக்கு முன்னாடி உள்ளே போயிடணும். விடியக்காலை அஞ்சு மணி பஸ்ஸைப் பிடிச்சாத்தான் சரியா இருக்கும்."

அவள் அம்மா உடனே பரணிலிருந்து பெட்டியை இறக்கச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் நான் விடுதிக்குத் திரும்பியபோது வார்டன் மேசையில் இருந்தார். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். அவர் நேரத்தைக் குறித்தார். தலையை நிமிர்த்தாமல், "அந்தப் பொண்ணு வருதா?" என்று மட்டும் கேட்டார். "வருதுங்க மேடம்" என்றேன். "சரி, போ" என்றார். வேறொன்றும் இல்லை. கஞ்சி விஷயத்தை நான் சொன்ன நாலைந்து நாளில் பயோடெக் தோழி அவர் அறைக்குப் போய் ஏதோ பேசிவிட்டு வந்தாள். என்ன பேசினாள் என்று இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. ஆறரை மணி கேட்டைத் திட்டுவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை.

குருக்கள் வீட்டுப் பெண் முதல் மாதம் அழுதாள். எங்கள் மாடி போன் பக்கத்தில் அவள் நிற்பதைத் தினமும் பார்ப்பேன். மாதக் கடைசியில் ஒருநாள், மெஸ் வரிசையில் தட்டோடு நின்றவளிடம் போய், "எப்படி இருக்கு? இப்ப உன் கருத்தச் சொல்லு" என்று கேட்டேன். என் புத்தி அப்படி.

"ஒவ்வொரு நாளைக்கு ஒவ்வொண்ணா இருக்கு அக்கா. இன்னும் முடிவு பண்ணலை." வரிசை நகர்ந்தது. அவளும் ஓர் அடி நகர்ந்தாள். "இங்கே யாரும் என்னை எந்த குருக்களாத்துப் பொண்ணுன்னு கேக்கறதில்லை. கவனிச்சேளா? ஊர்ல நாலு தெரு நடந்தா நாப்பது பேர் கேப்பா. இங்கே பேர் கேக்கறா, அப்புறம் எந்த பிராஞ்ச்னு கேக்கறா, அவ்வளவுதான்."

"நல்லாத்தானே இருக்கு?"

"நன்னாவும் இருக்கு" என்றாள், தட்டை நீட்டியபடி. "சில நேரம் யாராவது கேட்டா தேவலைன்னும் இருக்கு."