அருவிக்குத் தடை போட்ட வருசம்

கல்யாணமான வருசத்திலிருந்தே, ஆனி பிறந்து சாரல் விழுந்ததும் நானும் என் வீட்டுக்காரியும் குற்றாலத்துக்குப் போய்விடுவோம். அருவியில் குளித்து ஈரத் துணியோடு கோயிலைச் சுற்றுவோம். சாமிக்கு நேர்ந்துகொண்ட நேர்ச்சை என்னுடையது. அவள் எனக்காகக் கூடச் சுற்றினாள்.

இரண்டு வருசத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு கண் மங்கியது. அது தெளிந்து சில மாதத்தில் இடது கால் மரத்துப்போனது. உடம்பின் காவல் சக்தியே நரம்பின் மேலுறையை அரிக்கிற நோய், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று திருநெல்வேலி டாக்டரம்மா சொன்னார். பெயரே என் வாயில் நுழையவில்லை. ஆனால் என் மதினியிடம் காரணம் தயாராக இருந்தது.

"ஈரச்சேலையோட பொம்பளைய இழுத்துக்கிட்டுச் சுத்துனா நரம்பு என்னத்துக்கு ஆகும்?"

அதிலிருந்து சாமி முன்னால் நின்றாலும் "நான்தானே" என்றுதான் வாயில் வரும். அருவிப் பக்கமே அவளை விடவில்லை. தினமும் அண்டாவில் வெந்நீர் போட்டேன். குளித்து வந்தால் கண் இன்னும் மங்கும், கால் துவளும். குளிர்தான் உள்ளே இறங்கியிருக்கிறது என்று மறுநாள் இன்னும் கொதிக்கவைத்தேன்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரியில் அவளே போட்டுக்கொடுத்துவிட்டாள். "டாக்டரம்மா, இவுக தெனமும் என்னைய வெந்நீர்ல போட்டு அவிக்காவ."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். சூடு பட்டால் இந்த நோயில் அப்படித்தான் தெரியும், உடம்பு ஆறினால் சரியாகும், பச்சைத்தண்ணியே போதும் என்றார்.

நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அருவியாலதான் வந்துச்சோம்மா? கூட்டிட்டுப் போனவன் நான்."

"இல்லய்யா. இதுதான்னு ஒரு காரணத்தைக் காட்ட முடியாது. பிறவிக்கூறு கொஞ்சம், எப்பவோ வந்த வைரஸ் காய்ச்சல், வெயில் படாம வைட்டமின் டி குறையுறது, புகை, இப்படிப் பலதும் சேர்ந்து வரலாம். பெண்களுக்குத்தான் கூடுதலா வருது. அருவித்தண்ணி அதுல இல்ல. ஆமா, வீட்ல யாரும் புகை பிடிப்பீங்களா?"

"நான் பிடிக்கல. இவுக பிடிக்கிறத மோந்திருக்கேன்" என்றாள் அவள்.

நான் தலைகுனிந்தேன்.

"அதனாலதான்னு நான் சொல்லல. ஆனா விட்டுருங்க. ரெண்டு பேருக்கும் நல்லது."

அன்றைக்கே பீடிக்கட்டை பஸ் ஸ்டாண்டுக் குப்பையில் போட்டேன். அதற்கு முன்னால் அவள் டாக்டரம்மாவிடம் கேட்க வேண்டியதைக் கேட்டிருந்தாள். "அப்ப நான் அருவிக்குப் போலாமா?"

"மருந்தை நிறுத்தாம, தண்ணி கம்மியா விழும்போது போங்க. வழுக்கும், யாராவது கையைப் பிடிச்சுக்கணும்."

இந்த ஆனியில் போனோம். பெண்கள் பக்கம், கூட வந்த எங்கள் மகளின் கையைப் பிடித்து நின்று குளித்தாள். நான் தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் துண்டோடு நின்றேன். வந்ததும் உலர்ந்த சேலையை மாற்றச் சொன்னேன்.

"மதினி பேச்ச இன்னுமா பிடிச்சுக்கிட்டிருக்கிய?" என்று ஈரத்தோடு எனக்கு முன்னால் நடந்தாள். பாதிச் சுற்றில் கால் தளர, என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மெதுவாகச் சுற்றி முடித்தோம்.

சந்நிதியில் இந்தத் தடவை "நான்தானே" என்று வாயில் வரவில்லை. "நல்லாருக்கோம்ப்பா" என்றுதான் வந்தது.