துளை போடாமல் மாடிக்குப் போன வயர்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அக்கா, அம்மா, சுவரில் துளை போடும் மெஷினைப் பையில் தூக்கிக்கொண்டு கோம்பையிலிருந்து வந்திருந்த எலக்ட்ரீஷியன் அண்ணன், நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். அப்பா மலையில் இருந்தார். ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை. திங்கட்கிழமை விடியலில் ஜீப்பேறிக் கம்பமெட்டு வழியாகப் போனால் சனிக்கிழமை சாயங்காலம்தான் இறங்குவார். அக்காவின் வீட்டுக்காரர் கத்தாரில் இருந்தார். பிரசவத்துக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லை. ஆக, வாரம் முழுக்க வீட்டில் இருந்த ஒரே ஆண் நான்தான்.

நான் அங்கே இருந்ததும் இன்டர்நெட்டை நம்பித்தான். பெங்களூரில் ஒரு கம்பெனி. ஆஸ்பத்திரிகளுக்கு பில் போடும் மென்பொருள் செய்கிறார்கள். அதில் சிக்கல் என்று கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்வது என் வேலை. அக்காவுக்குக் குழந்தை பிறக்கும்வரை ஊரிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கேட்டிருந்தேன். எங்கள் டீம் லீடு சேலத்துக்காரப் பெண்மணி, மறுக்காமல் கொடுத்தார். ஆனால் பேச்சுக்கு நடுவில் லைன் அறுந்துகொண்டே இருந்தது. ஒருநாள் கூப்பிட்டு, "இன்னும் ஒரு வாரம் பாக்கறேன் தம்பி. அப்பவும் இப்படியே இருந்தா நீங்க ஆபீசுக்கு வந்துடணும்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. நியாயமாகச் சொன்னார்.

நான் பெங்களூருக்கு பஸ் ஏறிவிட்டால், பகலில் அக்காவுக்கு வலி கண்டால் வண்டி பிடிக்க ஆள் கிடையாது. ஆஸ்பத்திரியில் நீட்டுகிற காகிதத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடவும் ஆள் கிடையாது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அப்பா தன் பெயரை மட்டும் போடுவார். அக்கா எட்டாம் வகுப்போடு திராட்சைத் தோட்டத்துக்குப் போனவள். அவள் கொண்டுவந்த கூலியும் சேர்ந்துதான் நான் காலேஜ் முடித்தேன். அந்த அக்காவை இந்த நேரத்தில் விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

கோளாறு எங்கே என்று எனக்குத் தெரியும். இன்டர்நெட் பெட்டி கீழே கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. என் மேஜை மாடி அறையில். நடுவில் கனமான கான்கிரீட் தளம். படிக்கட்டும் வீட்டுக்கு வெளியே. வைஃபை மேலே வந்து சேருவதற்குள் செத்துவிடும். பெட்டியை மேலே கொண்டுபோகலாம்தான். ஆனால் அக்கா படுத்தபடி தினமும் மச்சானோடு முகம் பார்த்துப் பேசுவது அதில்தான். நான் கீழே வந்து உட்காரவும் வழியில்லை. பிள்ளைத்தாய்ச்சியைப் பார்க்க வருகிற பெண்கள் பலகாரத்தோடு வந்து மணிக்கணக்கில் பேசுவார்கள். ஒருமுறை நான் வேலைப் பேச்சில் இருக்கும்போது ஒரு அத்தை திரைக்குள் எட்டிப் பார்த்து, "இது யாருய்யா, கல்யாணம் ஆகாத புள்ளையா?" என்று விசாரித்தார்.

அதனால்தான் எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்திருந்தார். மேலும் கீழும் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "படி ஓரமா ஒரு ஓட்டைக்கா. நெட் கேபிள உள்ள இழுத்து விட்டா சோலி முடிஞ்சது. அது பாட்டுக்குக் கெடக்கும்."

"எதுல ஓட்டை?" என்றாள் அம்மா.

"சுவத்துலதான்."

"பிள்ளத்தாச்சி இருக்குற வீட்டுல சுவத்த ஓட்ட போடுவியா? நீயும் பிள்ளகுட்டிக்காரன்தானப்பா?"

அவர் அப்போதுதான் அக்காவைச் சரியாகப் பார்த்தார். மெஷினை வெளியே எடுக்கவே இல்லை. பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "தாயி உக்காந்திருக்கத நா கவனிக்கலக்கா" என்றார்.

நான் விடவில்லை. "வெளிச்சுவத்துல கிளிப் அடிச்சு மேல ஏத்தலாம்லண்ணே?"

"கிளிப்புன்னா ஆணில்ல? ஆணியும் ஆகாது தம்பி. எங்க மூத்தவ வயித்துல இருக்கையில நா வீட்டுல காலண்டர் மாட்டக்கூட ஆணி அடிக்கல. ஊருக்கெல்லாம் அடிச்சேன், அது வேற."

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் சுவரை உடைக்கக் கூடாது, துளைக்கக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் விவாதத்துக்கு வராத விஷயம். எனக்கு அதில் நம்பிக்கை உண்டா என்று கேட்டால் நேரான பதில் இல்லை. பிரசவத்தில் ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் எல்லோருக்கும் அந்தத் துளைதான் முதலில் நினைவுக்கு வரும், எனக்கும் வரும். அதனால் துளைப் பேச்சை அதோடு விட்டுவிட்டேன்.

அன்றைக்கே வேறு வழி தேடினேன். பவர்லைன் அடாப்டர் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. இரண்டு பிளக்குகள். ஒன்றைக் கீழே இன்டர்நெட் பெட்டியோடு இணைத்துப் பக்கத்து சுவிட்ச் போர்டில் சொருக வேண்டும். இன்னொன்றை மாடியில். சுவருக்குள் ஏற்கனவே ஓடுகிற கரண்டு வயர் வழியாகவே நெட் போய்ச் சேரும். துளை வேண்டாம், ஆணி வேண்டாம். எங்கள் வீட்டுக்காகவே யாரோ செய்து வைத்தது போலிருந்தது. உடனே ஆர்டர் போட்டேன்.

பார்சல் வந்த அன்று அம்மா அதைத் தொடவில்லை. "கரண்டுலயே நெட்டு போகுதுன்னா, போன எடுத்தா ஷாக் அடிக்காதா?"

"அதெல்லாம் அடிக்காதும்மா."

"அடிச்சாத்தான் நல்லது. ராத்திரி பகலா அதையே நோண்டிக்கிட்டு இருக்க மாட்டான்" என்றாள் அக்கா.

இரண்டையும் கூடத்தில் அருகருகே சொருகிப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்தது. ஒன்றை மாடிக்குக் கொண்டு போனேன். சிவப்பு. வேறு பிளக்கில் மாற்றினேன். சிவப்பு. மாடியில் இருந்த எல்லாப் பிளக்கிலும் சிவப்புதான். திருப்பி அனுப்பிவிடலாம் என்று கீழே வந்தால், அது வந்த அட்டைப்பெட்டியின் உள்தடுப்பைக் கிழித்தெறிந்துவிட்டு அம்மா அதில் அக்காவின் வளைகாப்பு வளையல்களை அடுக்கியிருந்தாள். பெட்டி இல்லாமல் வாங்கமாட்டார்கள். "நல்ல கெட்டி அட்டைய்யா, குப்பையில போட மனசு வரல" என்றாள்.

வயரிங்கில் எங்கேயோ இணைப்பு விட்டிருக்கும் என்று நினைத்துக் கீழே மெயின் சுவிட்சை அணைத்தேன். சீரியலில் யாரோ யாரையோ அறையப் போகிற நேரம். டிவி அணைந்தது. "ஏலே!" என்று அம்மாவின் குரல் வந்தது. ஆனால் என் தலைக்கு மேலே மாடி அறையில் ஃபேன் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். சன்ஷேடுக்குக் கீழே இரண்டு மீட்டர்கள். மாடி கட்டும்போது நான் பெங்களூரில் இருந்தேன். அதன்பிறகு எத்தனையோ முறை அந்த வாசலில் செருப்பைக் கழற்றியிருக்கிறேன். இரண்டு மீட்டர் இருப்பதைக் கவனித்ததில்லை. கீழ்வீட்டுக் கரண்டு வேறு, மாடிக் கரண்டு வேறு. வயரே வேறு என்றால் அடாப்டர் எப்படிப் பேசிக்கொள்ளும்?

அப்பாவுக்கு போன் போட்டேன். மலையில் சிக்னல் கிடைக்கிற பாறை மேல் நின்று பேசினார். கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

"ஆமாப்பா, தனி மீட்டருதான். மாடி உனக்குத்தான கட்டுனது? நாளைக்கு உன்னக் கட்டிக்கிட்டு ஒரு பிள்ள வரும். மிக்சி போட்டா, பொழுதன்னிக்கும் ஃபேன் ஓட விட்டான்னு உங்க ஆத்தா ஒரு சொல்லு சொல்லிட்டா அது மனசு என்னத்துக்கு ஆகும்? அதான் கரண்டு ஆபீசுக்கு நாலு நட நடந்து தனியா வாங்குனேன்."

அம்மா சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள். "நா அப்பிடியாப்பட்டவளா? எந்தப் பிள்ளையச் சொன்னேன் நானு?"

"ஏப்பா, இங்கன சிக்னல் சரியில்ல" என்று அப்பா வைத்துவிட்டார்.

நான் மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். அடாப்டர் வேலை செய்யாத எரிச்சல் எங்கே போனதென்று தெரியவில்லை. எனக்குப் பெண் பார்க்கிற பேச்சே எடுக்காத காலத்தில், முகம் தெரியாத ஒரு பெண்ணின் மனம் நோகக் கூடாது என்று ஒரு மனிதர் தோட்டத்துக்கு லீவு போட்டு மின்வாரியத்துக்கு நடந்திருக்கிறார். மருந்தடிக்கிறவருக்கு லீவு என்றால் கூலி இல்லை.

ஆனாலும் வாரம் முடியப் போகிறது. எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் நீளமான எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். கூடத்து ஜன்னல் வழியாக வெளியே விட்டு, மாடி ஜன்னல் வழியாக இழுத்துக்கொண்டால் கீழ்வீட்டுக் கரண்டு மாடிக்கு வரும். அதில் அடாப்டரைச் சொருகினால் பச்சை எரியும். என் யோசனையை நானே மெச்சிக்கொண்டு மாடி ஜன்னலிலிருந்து ஒரு கயிற்றைத் தொங்கவிட்டேன். கீழே நிழலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்த அக்கா வயரின் முனையை அதில் கட்டிக்கொண்டே கேட்டாள்:

"ஏன்டா, இந்த வயரு ஓட்டை இல்லாமத்தான மேல போகுது?"

"ஆமா."

"அந்த நெட்டு வயரு மட்டும் ஓட்டை போட்டாத்தான் போகுமாக்கும்? அதுக்கென்ன அம்புட்டுப் பவுசு?"

கயிற்றைப் பிடித்தபடி ஜன்னலிலேயே நின்றேன். நெட் கேபிள் என்றாலே எனக்கு பெங்களூர் ஆபீஸ்தான் கண்ணில் வரும். வயர் கண்ணில் படாமல் சுவருக்குள் குழாயில் ஓட வேண்டும். வெளியே தெரிந்தாலும் அளவெடுத்த மாதிரி கிளிப் அடித்திருக்க வேண்டும். சும்மா ஜன்னல் வழியாகப் போட்டால் என்ன என்று ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை.

"சிரிக்காம சொல்லு, நான் சொன்னது தப்பா?" என்றாள் அக்கா. அவள்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மா ஓடிவந்து, "சிரிச்சு கிரிச்சு இங்கனயே பெத்துப்புடாதடி" என்று அதட்டினாள்.

தேவாரம் கடைவீதிக்குப் போய் வெயில் தாங்கும் நெட் கேபிள் இருபத்தைந்து மீட்டர், இரண்டு முனையிலும் சொருகும் பின் மாட்டி வாங்கி வந்தேன். சனிக்கிழமை அப்பா இறங்கினார். வந்த களைப்போடு வேட்டியை மடித்துக் கட்டி ஏணி வைத்தார். இரண்டு ஜன்னல்களுக்கும் பக்கத்தில் மழைத்தண்ணீர்க் குழாய் இறங்குகிறது. ஏலச்செடி சாயாமல் கட்டுகிற பிளாஸ்டிக் கயிற்றைப் பையிலிருந்து எடுத்து, குழாயோடு சேர்த்துக் கேபிளை முழத்துக்கு ஒரு முடிச்சாகக் கட்டிக்கொண்டே ஏறினார். முடிச்சு எல்லாம் தளர்வாக இருந்தது.

"இறுக்கிக் கட்டுங்கப்பா."

"இறுக்குனா தண்டு பெருக்கையில வெட்டிரும்ல?"

"இது வளராதுப்பா."

கையில் இருந்த முடிச்சைப் பார்த்தார். "இருக்கட்டும், மதி" என்றார். போதும் என்பதற்கு மலையாளத்தில் மதி. மலையில் அப்படித்தான் சொல்லிப் பழகிவிட்டார்.

மாடி ஜன்னலில் கொசுவலை இருந்தது. கேபிள் நுழைய அதில் ஒரு துளை வேண்டும். எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம். அம்மா கொஞ்சம் யோசித்தாள். "வலைக்கு ஏற்கனவே பூராவும் ஓட்டைதான? ஒண்ணு சேந்தாக் குத்தமில்ல" என்று தீர்ப்புச் சொன்னாள்.

திங்கட்கிழமை காலையிலிருந்து ஒரு அழைப்பும் அறுபடவில்லை. வாரக் கடைசியில் டீம் லீடு, "என்ன தம்பி பண்ணீங்க?" என்று கேட்டார். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல், "வயர் போட்டோம் மேடம்" என்றேன். "அப்ப அங்கயே இருங்க, அக்காவப் பாத்துக்கங்க" என்றார். அந்தப் பெண்மணியை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

அக்காவுக்கு வலி கண்டது ஒரு புதன்கிழமை, சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால். அப்பா மலையில், மச்சான் கத்தாரில். ஹெட்போனைக் கழற்றிவிட்டு இறங்கி ஓடினேன். ஆட்டோவில் அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பாளையத்து ஆஸ்பத்திரியில் நீட்டிய காகிதங்களை ஒவ்வொரு வரியாகப் படித்து, அக்காவுக்கும் சொல்லி, கையெழுத்துப் போட்டேன். உள்ளே கொண்டு போகும்போது என் கையைப் பிடித்து, "நீ இருக்கேல்ல, அது போதும்" என்றாள். விளக்கு வைப்பதற்குள் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம்.

வீட்டுக்கு வந்த பிறகு எலக்ட்ரீஷியன் அண்ணன் குழந்தையைப் பார்க்க வந்தார். கூடவே மெஷின் பையும் வந்திருந்தது. "இப்பப் போட்டுரலாம்லக்கா, ஒழுங்கா ஒரு ஓட்டை?"

"பிள்ள தூங்குது, அந்த எரச்சல எடுத்துக்கிட்டுக் கெளம்பு" என்றாள் அம்மா.

கேபிள் இன்றும் குழாயோடுதான் இருக்கிறது. இரவல் வயரைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் வந்துபோன கூலியைக் கொடுக்கப் பார்த்தேன். "போடாத ஓட்டைக்கு என்ன தம்பி காசு?" என்று கையை விலக்கிவிட்டார். ஆக, அடாப்டர் ஜோடிக்கு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம், கேபிளுக்கு நானூற்றைம்பது. அந்தப் புதன்கிழமை நான் அக்கா பக்கத்தில் இருப்பதற்கு எங்கள் வீட்டுக்கு ஆன மொத்தச் செலவு மூவாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய்.