அரை மில்லி பால்

அன்பான சகோதர சகோதரிகளே, நான் ஒரு தாதி. நுவரெலியாப் பக்கம் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில், குறைமாதக் குழந்தைகளைப் பார்க்கும் வார்டில் ஒன்பது வருஷமாக வேலை செய்கிறேன். பால் கொடுப்பது எப்படி என்று எத்தனையோ தாய்மாருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் மகன் பிறந்தபோது எனக்கே பால் வரவில்லை.

ஏழாம் மாதம் முடியும்போது எனக்கு பிரஷர் ஏறியது. டியூட்டியில் நின்றபடியே கண் இருண்டது. அன்று மத்தியானமே ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். ஒன்றரைக் கிலோ கூட இல்லை. நான் தினமும் துடைத்து வைக்கும் கண்ணாடிப் பெட்டிகளில் ஒன்றில்தான் அவனை வைத்தார்கள்.

இப்படிப் பிறக்கும் பிள்ளைகளுக்கு உறிஞ்சத் தெரியாது. தாய் கையால் பாலைப் பிழிந்து கோப்பையில் எடுக்க வேண்டும். அதைக் குழாய் வழியாக வயிற்றுக்குள் விடுவார்கள். மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பிழிந்தேன். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் பால்மா கரைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளையின் வயிறு உப்பியது. கொடுத்தது பச்சையாகத் திரும்பி வந்தது. டாக்டர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு சேலைன் மட்டும் ஏற்றினார்.

"உங்க பால் கொஞ்சம் கிடைச்சாலும் பெரிய உதவி, மிஸ்," என்றார்.

குடல் கெட்டுப்போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்றும் தெரியும். ஒன்றும் தெரியாத தாயாக இருந்திருக்கலாமே என்று நினைத்தேன்.

என் கணவர் நானுஓயாவில் வேன் ஓட்டுகிறார். அவர் வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று ஜெபித்தார். நானும் ஜெபித்தேன். ஆண்டவரே, பாலைக் கொடும். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. நான்காம் நாள் காலையில் அப்படிக் கேட்டுக்கொண்டிருக்கும்போது யோகாவின் முகம் வந்து நின்றது.

யோகேஸ்வரி அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். அவளுடைய குறைமாதப் பெண் குழந்தையும் அதே வார்டில் இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால், நான் டியூட்டியில் இருந்தபோது, கோப்பையின் அடி நனையும் அளவுக்குத்தான் அவள் பால் கொண்டுவந்தாள். எனக்கு அன்று வேலை நெருக்கடி. மற்றத் தாய்மார் பார்க்க அந்தக் கோப்பையைத் தூக்கிக் காட்டினேன்.

"இவ்வளவுதானா? புள்ள மேல ஆச இருந்தா பால் தானா வரும்," என்றேன்.

நானும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவள்தான். என் அம்மாவும் கொழுந்து பறித்தவர்தான். அப்படியிருந்தும் சொன்னேன். யோகா கோப்பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனாள்.

இப்போது பால் பிழியும் அறையில் அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் நான். நான்கு நாளாக இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

ஆண்டவர் குரல் கொடுத்தார் என்று சொல்லமாட்டேன். ஆனால் பாலைக் கேட்கும்போதெல்லாம் அவள் முகமே வந்தது. ஜெபம் அதைத் தாண்டிப் போகவில்லை. என்னை மன்னியும் என்று அவரிடம் சொன்னேன். அவரிடம் மட்டும் சொன்னால் போதாது என்றும் புரிந்தது.

அன்று பத்து மணிக்குப் பிழிய உட்கார்ந்தபோது அவளிடம் பேசினேன். "யோகா, அன்னைக்கு நான் அப்படி பேசியிருக்கக் கூடாது. என்னைய மன்னிச்சிருங்க." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவள் தன் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு எனக்கு ரொம்ப கோவம் மிஸ். புள்ளைய தூக்கிக்கிட்டு வீட்டுக்கே ஓடிறலாம்னு இருந்துச்சு." பிறகு என் மடியைப் பார்த்தாள். "நீங்க கோப்பையவே பாத்துக்கிட்டு இருக்கீங்க. அதப் பாத்தா வராது."

"வேற என்னங்க செய்யிறது?"

"மூத்தவள பிள்ளை மடுவத்துல, புள்ளைங்கள பாத்துக்கிற ஆயாகிட்ட விட்டுட்டு மலைக்குப் போவேன் மிஸ். கொழுந்து எடுக்கையில அவ நெனப்பு வந்தா போதும், சட்ட நனைஞ்சிரும். இவள தூக்கவே முடியலயா, அதான் எனக்கும் வரல. அப்புறம் இவ துணிய கேட்டு வாங்கி வச்சுக்கிட்டேன். மோந்து பாத்தா வருது."

எழுந்து போனாள். என் மகனுக்குக் கீழே விரித்திருந்த துணியை டியூட்டித் தாதியிடம் கேட்டு வாங்கி வந்தாள். துவாயைச் சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்து என்னிடம் கொடுத்து, நெஞ்சில் ஒற்றிக்கொள்ளச் சொன்னாள். கோப்பையைத் தானே பிடித்துக்கொண்டாள். "நீங்க புள்ளைய நெனைங்க. இத நான் பாத்துக்கிறேன்."

துணியில் ஆஸ்பத்திரி வாடை. அதற்குள் அவன் வாடையும் இருந்தது. நான்கு நாளாக அவன் எடை, மூச்சு, வயிற்றளவு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவனுக்கு என் அப்பாவின் மூக்கு என்று தோன்றியது.

"வருது மிஸ்," என்றாள் யோகா.

மஞ்சளாகச் சில துளிகள். டியூட்டித் தாதி அதை சிரிஞ்சில் இழுத்து அளந்தாள். அரை மில்லி.

அதை அவன் வாய்க்குள் தடவச் சொன்னார் டாக்டர். மறுநாள் மாலை குழாயில் ஒரு மில்லி விட்டார்கள். திரும்பி வரவில்லை. வயிறு உப்பவில்லை. பிறகு இரண்டு, ஐந்து என்று கூட்டினார்கள். ஆறாவது வாரம் அவன் என்னிடமே உறிஞ்சிக் குடித்தான். இப்போது லயத்து வாசலில் கோழியைத் துரத்திக்கொண்டு ஓடுகிறான்.

மனம் இளகினால் பால் இறங்கும் என்பது தாதியாக எனக்குத் தெரிந்த விஷயம்தான். என் மனதை இளக்கியது யார் என்பதைத்தான் நான் இங்கே சாட்சியாகச் சொல்கிறேன். யோகா கும்பிடுவது மாரியம்மனை. எனக்கு உதவியைக் கொண்டுவந்தது அவள் கைதான். ஆண்டவர் யாரை அனுப்ப வேண்டும் என்று நான் அவருக்குச் சொல்ல முடியாது. இன்னொன்று: பால் வராத தாய்க்கு விசுவாசம் போதாது என்று யாரும் இதை வைத்துப் பேச வேண்டாம். அப்படிப் பேசும் வாய் எனக்கு இருந்தது. கர்த்தர் அதைத்தான் முதலில் குணமாக்கினார்.

அதே வார்டில்தான் இன்னும் வேலை செய்கிறேன். புதிதாக ஒரு தாய் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டுத்தான் மற்றப் பேச்சு.

உங்களுடைய ஜெபமும் ஏதோ ஓர் இடத்தில் தட்டி நின்றால், அங்கே யார் முகம் தெரிகிறது என்று பாருங்கள். ஆண்டவரை நம்பி அந்த ஆளிடம் போங்கள். எனக்கு வாயைத் திறப்பதுதான் கஷ்டமாக இருந்தது. மற்றதையெல்லாம் அவர் பார்த்துக்கொண்டார். அவருக்கு நன்றி.