தாலியில் தொங்கிய ஊக்கு

சாக்லேட் கம்பெனி வாசலிலேயே வளையலையும் மோதிரத்தையும் கழற்றச் சொன்னார்கள். கழற்றிக் கைப்பையில் போட்டேன். தாலியை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கழற்றியிருக்க மாட்டேன். ஜாக்கெட்டுக்குள் தள்ளிக்கொண்டேன். அதில் எப்போதும் இரண்டு ஊக்கு மாட்டியிருப்பேன். எங்கள் தெருவில் அப்படி மாட்டாத பெண் உண்டா என்ன?

தொண்ணூறுகளில் ஒரு சனிக்கிழமை அது. துடியலூரிலிருந்து மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளை சிஸ்டர் பெரியநாயக்கன்பாளையத்துக்கு அழைத்துப் போனார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நானும் போனேன். என் மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. உள்ளே எல்லோருக்கும் துணித்தொப்பி கொடுத்தார்கள். அவளுக்கு அது மூக்குவரை இறங்கியது. அவசரமாகச் சரிசெய்துவிட்டேன். பிறகு குனிந்து குனிந்து ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பிடித்து, உருகிய சாக்லேட்டை அச்சில் ஊற்ற வைத்தேன். மீன், நட்சத்திரம், பூ என்று ஆளுக்கொன்று. வாசனையிலேயே பாதி வயிறு நிறைந்துவிட்டது.

குளிரறையில் இறுகியதும் அவரவர் ஊற்றியதை அவரவர் கையில் கொடுத்து, தொப்பியை வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். என் முந்தானை நழுவியது. குத்திக்கொள்ளலாம் என்று தாலியைத் தடவினேன். ஒரு ஊக்குதான் இருந்தது.

இன்னொன்றைக் காணோம். சாக்லேட்டுக்கு மேலே எத்தனை தடவை குனிந்தேன்!

"ஆரும் திங்காதீங்க! கீழ வைங்க!" என்று கத்தினேன்.

சிஸ்டரும் நானும் மீனையும் நட்சத்திரத்தையும் பிடுங்கிப் பிடுங்கி ஒடித்துப் பார்த்தோம். பிள்ளைகள் ஓவென்று அழுதார்கள். எதிலும் ஊக்கு இல்லை. பார்க்க முடியாமல் போனது என் மகளின் பூ மட்டும்தான். அதற்குள் தின்றுவிட்டு விரலை நக்கிக்கொண்டிருந்தாள்.

"மெல்லும்போது தெரிஞ்சிருக்குமே," என்றார் சிஸ்டர்.

அவள் எங்கே மென்றாள்! எதையும் அப்படியே விழுங்குகிறவள்.

"ஊக்கு தொறந்திருந்தா கொடலக் கிழிச்சுப்போடுமுங்க சிஸ்டர், எம்புள்ள போயிருவாளுங்க!" என்று அழுதேன். பிள்ளை பக்கத்தில் நிற்கிறாள் என்ற நினைப்பே இல்லை.

பிள்ளைகள் எதையாவது விழுங்கிவிட்டால் வாழைப்பழம் ஊட்டுவதுதான் எங்கள் பக்கத்து வைத்தியம். சிஸ்டர் ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ பிடிக்க ஓடினார். நான் பிள்ளைகளுக்காகக் கொண்டுவந்த பழத்தை உரித்து உரித்து அவள் வாயில் திணித்தேன். "குத்துதா கண்ணு?" என்று தொண்டையைத் தடவினேன். இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அது என்னை இன்னும் பயமுறுத்தியது.

அப்போது கம்பெனிக்கார அம்மா ஒருவர் கையில் தொப்பியோடு வந்தார்.

"ஏனுங்க, இந்தத் தொப்பிய மடிச்சு ஊக்கு குத்துனது ஆருங்க? தொவைக்கறவங்க கையில ஏறிருமுங்க."

நான்தான். பழகின கை, மனசைக் கேட்காமலே குத்தியிருக்கிறது.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மகளை இழுத்துக் கட்டிக்கொண்டேன். அவள் உடம்பு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. வாயில் அடக்கி வைத்திருந்த பழத்தைத் துப்பிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப நா சாவ மாட்டனாம்மா?"