அத்தை சொல்லி அனுப்பிய பெட்ரோல்

என் அத்தை கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கூரையில் பலகை வைத்த சின்னக் கார், அவள் காலடியிலும் ஒரு பிரேக். வாய் மட்டும் பெரிசு. "ஸ்டியரிங்கை ஏன்மா இப்படிக் கட்டிப்பிடிக்கிற? எங்கேயும் ஓடிப்போகாது, விடு" என்பாள். திட்டு வாங்கியவர்கள்தான் நன்றாக ஓட்டுகிறார்கள். அவள் மிதி என்றால் மிதிப்பார்கள், விடு என்றால் விடுவார்கள்.

கடைசி வகுப்பில் எல்லோருக்கும் ஒன்றைச் சொல்லி அனுப்புவாள். வண்டி வாங்கினால், விலை கூடுதல் என்றாலும் பிரீமியம் பெட்ரோல்தான் போடவேண்டும், சாதா பெட்ரோல் எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். எந்த பங்க்கில் போடவேண்டும் என்பதையும் சொல்வாள். என் அப்பா வேலை பார்க்கும் பங்க் அது. அப்பா அத்தைக்குத் தம்பி. மாடியில் அத்தை, கீழே நாங்கள்.

அத்தைக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே அப்பாதான். கார் வாங்கிய புதிதில் சொன்னார். நாள் முழுக்க பெட்ரோல் வாசத்தில் நிற்பவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் நம்பினாள். ஒரு மெக்கானிக், இந்த எஞ்சினுக்குச் சாதாவே போதும், பிரீமியம் போட்டு இதற்கு ஒரு லாபமும் இல்லை என்று எடுத்துச் சொன்னார். என் தம்பியைவிட உனக்கு என் வண்டி மேல் அக்கறையா என்று கேட்டுவிட்டு அத்தை மெக்கானிக்கை மாற்றினாளே தவிர, பெட்ரோலை மாற்றவில்லை.

போன மாதம் அப்பா சூப்பர்வைசர் ஆனார். அவரைக் கூட்டிவர அத்தை கிளம்பினாள். காரை நான் ஓட்டினேன், பக்கத்தில் அவள். பங்க்கில் முதலில் டயருக்குக் காற்றுப் பிடிக்க நிறுத்தினோம். அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த பெண், நாங்கள் யார் என்று தெரிந்ததும் மலர்ந்துபோனாள். "நீங்கதான் அந்த டீச்சரா? உங்களாலதான் அண்ணனுக்கு இந்த வேலை உயர்வு" என்றாள்.

பிறகு அவளே விளக்கினாள். அந்த பங்க்கில் பிரீமியம் அதிகம் விற்பவருக்கு ஆபீஸ் ஓரத்து நிழல் பம்ப், குறைவாக விற்பவருக்கு ரோட்டோரத்து வெயில் பம்ப். அப்பா வெயில் பக்கம் போனதே இல்லையாம். டீச்சர் அனுப்பினாங்க என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்களாம். பாவம், அவள் பாராட்டாகத்தான் சொன்னாள்.

திரும்பும் வழியில் நான் கியரைத் தப்பாக மாற்றியபோதுகூட அத்தை திட்டவில்லை. பின் சீட்டில் அப்பா மட்டும் புது வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

அவர் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் கேட்டாள்.

"என் காருக்கு பிரீமியம் வேணுமாடா?"

"போட்டா கெடுதல் இல்லையேக்கா."

"வேணுமான்னு கேட்டேன்."

அப்பா தட்டைப் பார்த்தார். "வேண்டாம்தான்."

"உன் பைக்குக்கு என்ன போடுற?"

"சாதா."

வெயிலில் நின்று பார்த்தால்தான் தெரியும் என்றார் அப்பா. தார் ரோட்டின் சூடு செருப்பைத் தாண்டி ஏறுமாம். முதல்முறை சும்மா சொன்னதுதானாம்; அக்கா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு ஆட்களை அனுப்ப ஆரம்பித்ததும் வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழவில்லையாம். எல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். என் அப்பா கெட்டவர் இல்லை. எனக்குப் பொறுக்காததும் அதுதான். கெட்டவர் என்றால் நாங்கள் முதலிலேயே உஷாராக இருந்திருப்போம்.

அத்தை கத்தவில்லை. "என்னை ஏமாத்தினதை விடு, கூடப்பிறந்தவன், தொலையட்டும்னு விட்டுடுவேன். என்னை நம்பி வந்தவங்களை என் வாயாலயே ஏமாத்த வெச்சியேடா. நாளைக்கு நான் பிரேக்கை மிதின்னா எவ மிதிப்பா?"

அப்பா தட்டில் சோறு அப்படியே காய்ந்தது.

மறுநாள் காலையில் அத்தை எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, பழைய மாணவர்களுக்கு ஒவ்வொருவராக போன் செய்தாள். நான் சொன்னது தப்பு, உங்கள் வண்டிக்கு எது என்று பெட்ரோல் மூடியிலேயே எழுதியிருக்கும், அதைப் போட்டால் போதும் என்றாள். சிலர் சிரித்தார்கள். ஒருவர், உங்களை நம்பி வீட்டில் சண்டையெல்லாம் போட்டேனே டீச்சர் என்றார். அவரிடம் இரண்டுமுறை மன்னிப்புக் கேட்டாள். அப்பா வேலைக்குக் கிளம்பி, புதுச் சட்டையோடு வாசல் பக்கம் நின்றிருந்தார். போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை.

அடுத்து போனை எடுத்த பெண் சத்தமாகப் பேசுகிறவள். அவள் கேட்டது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"உங்களுக்கு யார் டீச்சர் அப்படிச் சொன்னது?"

அப்பா தலையை நிமிர்த்தினார். தன் பேரைச் சொல்லித் திட்டட்டும் என்றே காத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

"தெரிஞ்சவர் ஒருத்தர்" என்றாள் அத்தை.